முகத்துக்கும் செக்குபந்தி வேண்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர்கள் நீங்கள். இதற்கும் பொறுமை இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன் கேமராவில் 'போர்ட்ரெய்ட்' என்று ஒரு வசதி இருக்கிறதே, முகத்தை மட்டும் பளிச்சென்று காட்டி, பின்னால் இருப்பதை எல்லாம் பாலில் கரைத்த மாதிரி ஆக்கிவிடுவது, அதை நம் வீட்டுப் படங்களுக்கும் ஊர்ப் படங்களுக்கும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். நீங்கள் அதை அழகு என்கிறீர்கள். என் கணக்கில் அது அழிரப்பர். நாம் எங்கிருந்து வந்தோம் என்பதை நம் கையாலேயே தேய்த்து அழிக்கிறோம்.

"ஒரு போட்டோவுக்குப் போய் இவ்வளவு கோபமா சார்?" என்பீர்கள். கோபம்தான். ஏன் என்று கேளுங்கள்.

போன மாதம் பழைய மாணவர்கள் எல்லாரும் நம் பள்ளிக்கூடத்தில் கூடினீர்கள். எதற்குக் கூடினீர்கள்? நீங்கள் படித்த அந்த ஓட்டுக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதானே? இடிப்பதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. மழைக்கு ஒழுகும் கட்டடம், பிள்ளைகள் உட்காரும் இடம், புதிதாகக் கட்டத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு வாட்ஸ்அப் குழுவில் வந்த 140 படங்களை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்தக் கட்டடம் தெளிவாகத் தெரிகிற படம் மூன்றுதான். மீதியில் எல்லாம் உங்கள் முகம் இருக்கிறது. பின்னால் செங்கல் நிறத்தில் ஏதோ ஒரு புகை. கல்யாண மண்டபமா, ஜவுளிக்கடை வாசலா என்றே தெரியவில்லை. வழியனுப்ப வந்தவர்கள், வழியனுப்ப வேண்டியதையே மங்கலாக்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

நாம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். கிரயப் பத்திரம் பார்த்திருப்பீர்கள். விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர் எழுதினால் மட்டும் பத்திரம் முடிந்துவிடுமா? செக்குபந்தி என்று ஒரு பகுதி வரும். கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வாய்க்கால், வடக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னார் தோட்டம். நாலு எல்லையும் எழுதினால்தான் அது நிலம். எழுதாவிட்டால் வெறும் பெயர்.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. நம் பாகூருக்கு ஒரு செப்பேடு உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தது, ஒன்பதாம் நூற்றாண்டு. பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விக் கூடத்துக்கு, மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. வாத்தியாராக இருந்தவன் என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமை. அந்தச் செப்பேட்டிலும் கொடுத்தது யார், யாருக்கு என்பதோடு நிறுத்தவில்லை. எல்லைகளையும் வெட்டி வைத்தார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் செம்பில் எழுதியவனுக்குத் தெரிந்தது, கையில் நாலு லென்சு உள்ள போனை வைத்திருக்கிற நமக்குத் தெரியவில்லை.

போட்டோவும் ஒரு பத்திரம்தான். முகம் என்பது பெயர். பின்னால் இருக்கிற சுவர், மரம், கிணறு, வாசல், தெரு எல்லாம் செக்குபந்தி. செக்குபந்தியை அழித்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்திருக்கிறீர்கள். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வான்? தாத்தாவுக்கு மீசை இருந்தது என்று தெரிந்துகொள்வான். அவ்வளவுதான்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை. ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவு உள்ள ஒரு ருஷ்ய லென்சு.

உங்களில் பலருக்கு என் பழைய கேமரா ஞாபகம் இருக்கும். ஸோர்க்கி-4. நெய்வேலியில் முதல் அனல்மின் நிலையம் சோவியத் நாட்டு ஒத்துழைப்போடு வந்தது. 1962-இல் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் ருஷ்யக்காரர்கள் அங்கே வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் வழியாகச் சில கேமராக்களும் வந்தன. நெய்வேலியில் வேலை பார்த்த ஒருவரிடம் 1987-இல் இந்தக் கேமராவை இரண்டாம் கையாக வாங்கினேன். கூடவே அவர் கொடுத்ததுதான் அந்தச் சின்ன லென்சு: ஜூபிடர்-12. 35 மி.மீ., வைட் ஆங்கிள். அதன் எண் 70 என்று ஆரம்பிக்கிறது. சோவியத் வழக்கப்படி அது 1970-இல் செய்தது என்று அர்த்தம். நீங்கள் பாதிப்பேர் அதற்குத் தம்பி தங்கைகள்.

இதன் பூர்வீகம் ஜெர்மனி. 1930-களில் லுட்விக் பெர்டலே என்பவர் சைஸ் நிறுவனத்துக்காக 'பயோகான்' என்ற பெயரில் வடிவமைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சைஸ் தொழிற்சாலையின் கருவிகளையும் வரைபடங்களையும் சோவியத் நாடு எடுத்துக்கொண்டு போய், தன் ஊரில் தன் பெயரில் செய்ய ஆரம்பித்தது. யுத்தத்தில் தோற்றவன் வீட்டு அம்மிக்கல் ஜெயித்தவன் வீட்டுக்குப் போன கதை.

இவ்வளவு சின்ன லென்சால் எப்படி இவ்வளவு அகலம் பார்க்க முடிகிறது? அறிவியல் பாடம், இரண்டு நிமிடம். ஸோர்க்கி மாதிரியான கேமராவுக்கு ரேஞ்ச்ஃபைண்டர் என்று பெயர். நாம் லென்சு வழியாகப் பார்ப்பதில்லை. மேலே தனியாக ஒரு ஜன்னல் இருக்கிறது. அதில் ஒரே ஆள் இரண்டு பிம்பமாகத் தெரிவார். லென்சைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகச் சேரும். சேர்ந்ததும் தூரம் சரி. பிறகு வந்த எஸ்.எல்.ஆர். கேமராக்களில் லென்சுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடும். அது ஆட இடம் வேண்டும் என்பதால் லென்சை முன்னால் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. அதற்கென்று பிரான்சு நாட்டில் ஆன்ஜெனியூ நிறுவனம் 1950-இல் ஒரு புது அமைப்பையே கொண்டுவந்தது. அதற்குப் பிறகு அந்த வகைக் கேமராக்களுக்கு வைட் ஆங்கிள் லென்சுகள் பெரிதாகிக்கொண்டே போயின. ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடி கிடையாது. ஆகையால் என் ஜூபிடரின் பின்பக்கக் கண்ணாடி கேமராவுக்குள்ளே புகுந்து ஷட்டருக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிடும். வெளியே தெரிவது கொஞ்சம்தான். எடையும் 130 கிராம் சுமார்தான். சுவர் சுவராகவும் தூண் தூணாகவும் நேராக விழும்.

குறைகள் இல்லையா? இருக்கின்றன. எதிர்வெயிலில் படம் வெளுத்துப்போகும். துவாரத்தை மாற்றும் வளையம் லென்சின் மூக்குக்குள்ளே இருக்கிறது. கேமராவைத் திருப்பி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டுதான் மாற்ற வேண்டும். ஒரு மீட்டருக்குள் இருப்பது தெளிவாக விழாது. ஸோர்க்கியின் ஜன்னல் 50 மி.மீ. லென்சுக்கு ஆனது; 35-க்கு எவ்வளவு விழும் என்று மனக்கணக்குப் போட வேண்டும்.

அந்த மனக்கணக்குத்தான் எனக்குப் பாடம். 35 மி.மீ. லென்சில் கணக்கு சுலபம். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் மூன்று மீட்டர் அகலம் விழும். ஐந்து மீட்டர் தள்ளினால் ஐந்து. நீங்கள் நிற்கிற தூரம் எவ்வளவோ அவ்வளவு அகலம். ஒரு ஆளை எடுக்க மூன்று மீட்டரில் நின்றால், ஆளின் அகலம் அரை மீட்டர்; மீதி இரண்டரை மீட்டர் அவர் வாழ்கிற இடம். அந்த லென்சு முகத்தை மட்டும் தா என்றால் தராது. அவரை அவர் வீட்டோடு சேர்த்துத்தான் தரும்.

இன்னொரு கணக்கு. துவாரத்தை எஃப்/8-இல் வைத்து, தூரத்தை 5 மீட்டருக்குத் திருப்பிவிட்டால், இரண்டரை மீட்டரில் இருந்து கண்ணுக்கு எட்டின தூரம் வரை எல்லாம் தெளிவு. இதே காரியத்தை 50 மி.மீ. லென்சில் செய்தால் சுமார் மூன்றரை மீட்டருக்கு முன்னால் இருப்பவையும் சுமார் பத்து மீட்டருக்கு அப்பால் இருப்பவையும் மங்கல். ஆகவே இந்தச் சின்ன லென்சு இருந்தால் ஒரே படத்தில் முன்னால் நிற்கும் பிள்ளையும் தெளிவு, நடுவில் இருக்கும் மரமும் தெளிவு, கோடியில் சைக்கிள் மிதித்துப் போகிறவரும் தெளிவு. யாரும் புகை ஆக வேண்டியதில்லை.

1989-இல் அந்த லென்சில் எடுத்த ஒரு வகுப்புப் படத்தைப் போன வருஷம் குழுவில் போட்டேன். 42 பிள்ளைகள், பூவரச மரத்தடி. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கறுப்பு-வெள்ளை ரோல். அந்தப் படத்தின் கீழே நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று திரும்பப் போய்ப் படித்துப் பாருங்கள். முகத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. "சார், மணி அடிக்கிற தண்டவாளத் துண்டு தொங்குது பாருங்க." "சமையல் ஆயா ஜன்னல்ல நிக்கிறாங்க." "என் சைக்கிள், ஹாண்டில்பார்ல தூக்கு." இப்படித்தான் எழுதினீர்கள். பிரான்சில் இருக்கும் ஒரு மாணவன் தனியாகப் போன் செய்தான். படத்தின் இடது ஓரத்தில், மதில் சுவருக்கு வெளியே, கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். இலந்தைப் பழம் விற்றவர். அவனுடைய அம்மா. அவரை வேலை செய்கிற நிலையில் காட்டும் படம் உலகத்தில் அது ஒன்றுதான் என்றான். வேறு என்னவோ பேச வந்தவன், பேசாமல் வைத்துவிட்டான்.

அன்றைக்கு என் கையில் போர்ட்ரெய்ட் வசதி இருந்து, நான் அதை அமுக்கியிருந்தால் அந்த அம்மா ஒரு சாம்பல் புள்ளி.

இப்போது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். விரலால் தேய்த்தால் பின்னால் நிற்கும் ஆளே மறைந்துபோகும் வசதி வந்திருக்கிறது. "குறுக்கே யாரோ நின்னாங்க சார், எடுத்துட்டேன்" என்று ஒரு பிள்ளை பெருமையாகச் சொல்கிறது. யாரோ என்று யாரைச் சொல்கிறாய்? நம் ஊரில் 'யாரோ' என்று யாரம்மா இருக்கிறார்கள்?

சரி, உங்கள் தரப்பு வாதங்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதல் வாதம்: "பின்னணி அசிங்கமா இருந்தது சார்." இதைச் சொன்னது ஒருவர் இல்லை, பலர். கொடியில் துணி காய்ந்தது. சுவர் பூசாமல் செங்கல் தெரிந்தது. கூரையில் நீலத் தார்ப்பாய் போட்டிருந்தது. மாடு கட்டியிருந்தது. அதனால் கரைத்துவிட்டீர்கள். இங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறுகிறது. அந்தக் கொடியில் காய்ந்தது உங்கள் அம்மா துவைத்த துணி. அந்தப் பூசாத சுவர், உங்கள் படிப்புச் செலவுக்காகப் பூசாமல் விட்ட சுவர். அந்த மாட்டின் பாலை ஊற்றித்தான் உங்களுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினார்கள். அதை மறைத்துவிட்டு, எந்த ஊரிலும் இல்லாத ஒரு மங்கல் வெளிச்சத்துக்கு முன்னால் அம்மாவை நிறுத்தி, 'என் உலகம்' என்று தலைப்புக் கொடுக்கிறீர்கள். அம்மாவின் உலகத்தைத்தான் நீங்கள் அழித்துவிட்டீர்களே, தம்பி.

இரண்டாவது வாதம்: "போனிலேயே வைட் ஆங்கிள் இருக்கு, பழைய லென்சு எதுக்கு?" இதில் பாதி உண்மை. உண்மையைச் சொன்னால் உங்கள் போனின் முக்கியமான லென்சே வைட் ஆங்கிள்தான். பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் சொன்னால் பெரும்பாலான போன்களில் அது 24-இல் இருந்து 26 மி.மீ. வரை. என் ஜூபிடரைவிட அகலம். மூன்று மீட்டரில் நின்றால் சுமார் நான்கு மீட்டர் விழும். பிறவியிலேயே ஊரைப் பார்க்கப் பிறந்த கண் அது. அந்தக் கண் பார்த்ததை எல்லாம், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, எது ஆள் எது இடம் என்று யூகித்து, இடத்தை அழிப்பதற்குத்தான் போர்ட்ரெய்ட் என்று பெயர். யூகம் தவறும்போது மூக்குக் கண்ணாடிக் கம்பியையும், காதோரத்து முடியையும், தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் நுனியையும் சேர்த்துத் தின்றுவிடும். நான் உங்களைப் பழைய லென்சு வாங்கச் சொல்லவில்லை. உங்கள் கையில் இருப்பதைச் சும்மா விட்டாலே போதும் என்கிறேன்.

மூன்றாவது வாதம்: "வைட் ஆங்கிளில் முகம் கோணலா விழுது." விழும். மூக்குக்கு நேரே கொண்டுபோய் நீட்டினால் விழும். படத்தின் ஓரத்தில் நிறுத்தினாலும் தலை நீளும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஆளை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். கேமராவை மேலேயோ கீழேயோ சாய்க்காமல், மார்பு உயரத்தில் நேராகப் பிடியுங்கள். சுவரும் சாயாது, முகமும் கெடாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரிந்துகொண்டு எடுக்கிறான்.

நான்காவது வாதம் கொஞ்சம் நியாயமானது. என் அக்கா பேத்தி கேட்டாள்: "தாத்தா, நான் ஹாஸ்டல்ல இருக்கேன். எங்க இருக்கேன்னு எல்லாருக்கும் தெரியணுமா?" வேண்டாம் அம்மா. வெளியே போடுகிற படத்தில் இடம் தெரியக்கூடாது என்றால் மங்கலாக்கு. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் பின்னால் நோயாளி இருந்தால் மறைக்கத்தான் வேண்டும். ஊருக்குக் காட்டுகிற படம் வேறு, வீட்டில் வைக்கிற படம் வேறு. வீட்டில் வைக்கிற படத்தைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் சண்டை போடுகிறேன்.

இதெல்லாம் வெறும் பழைய நினைவுக்காக என்று நினைக்காதீர்கள். பின்னணி சாட்சி சொன்ன கதை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1955-இல் தொடங்கியது. அதன் ஆட்கள் பல பத்தாண்டுகள் தென்னிந்தியக் கோயில்களுக்குப் போய்ப் படம் எடுத்துச் சேர்த்தார்கள். லட்சத்துக்கு மேல் படங்கள். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் சுவர் மாடத்தில் இருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலை களவு போய், ஆஸ்திரேலியாவில் ஒரு கலைக்கூடத்தில் நின்றது. அது நம் சிலை என்று நிரூபிக்க உதவியவை பழைய படங்கள். சிலை மட்டும் தனியாக இருந்தால் எவனும் எதையும் சொல்லலாம். சுவரும் மாடமும் சேர்ந்து இருந்ததால் வாயை மூட வேண்டியதாயிற்று. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. சாமிக்கே செக்குபந்தி தேவைப்பட்டது. நாம் எம்மாத்திரம்?

அடுத்தது 2024. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. எங்கள் உறவில் ஒருவரின் மண்சுவர் வீடு அதில் உட்கார்ந்துவிட்டது. உயிருக்குச் சேதம் இல்லை. இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டுப் பெரியவர், "வீட்டுப் படம் ஒண்ணு பெரிசா போட்டுக் குடு, மாட்டி வைக்கலாம்" என்றார். அவர் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் போனையும் தேடினோம். திண்ணையில் எடுத்தது, வாசலில் எடுத்தது, முற்றத்தில் பொங்கல் வைக்கும்போது எடுத்தது என்று நூற்றுக்கணக்கில் படங்கள். எல்லாவற்றிலும் முகம் இருந்தது. வீடு இல்லை. பெரியவர் எதுவும் சொல்லவில்லை. "சரி விடு" என்றார். நாற்பது வருஷம் வாழ்ந்த வீடு அது.

வில்லியனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. உங்கள் அப்பாக்களில், தாத்தாக்களில் எத்தனை பேர் சங்கு ஊதுகிற சத்தத்துக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டு மில்லுக்கு ஓடியவர்கள்? 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை 2020-இல் மூடியே விட்டது. மில் வாசலில், அந்தக் கூட்டத்தில், உங்கள் அப்பா நிற்கிற படம் ஒன்று உங்களிடம் இருக்கிறதா? ஸ்டூடியோவில் திரைக்கு முன்னால் நின்ற படம் இருக்கும். அன்றைக்கு ஸ்டூடியோக்காரர் துணியில் வரைந்த மலையையும் மாளிகையையும் பின்னால் தொங்கவிட்டார். இன்றைக்குப் போன் புகையைத் தொங்கவிடுகிறது. அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை. கேமராவைத் தெருவுக்குக் கொண்டுவர வசதி கிடையாது. உங்களுக்கு என்ன குறை?

உலகத்தில் பேர் பெற்ற ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், பிரெஞ்சுக்காரர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி மறைந்தபோது அங்கே இருந்தார். அதே மாதம் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். கையில் இருந்தது சின்ன லைக்கா கேமரா, அதுவும் ரேஞ்ச்ஃபைண்டர்தான். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது 50 மி.மீ. லென்சு, என்னுடையதைவிடக் குறுகியது. ஆனாலும் அவர் படங்களைத் தேடிப் பாருங்கள். ஆளை இடத்தில் இருந்து பிய்த்து எடுத்த படங்களா அவை? தெருவும் படிக்கட்டும் சுவரும் ஆளோடு சேர்ந்துதான் பேசும். சின்னக் கேமரா, சின்ன லென்சு என்பதன் பெருமையும் அதுதான். கூட்டத்துக்குள் போய் நிற்கலாம், யாரும் மிரள மாட்டார்கள். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரில் ஒரு தடவை நான் வடம் பிடிக்கிறவர்கள் நடுவில் நின்று ஜூபிடரில் எடுத்தேன். மாடியில் இருந்து நீள லென்சில் எடுத்தவர்களிடம் தேர் இருக்கிறது. என் படத்தில் தேரும் இருக்கிறது, கயிறு உரசிச் சிவந்த கைகளும் இருக்கின்றன, கடை ஓரத்தில் மோர் ஊற்றுகிறவரும் இருக்கிறார்.

கடைசியாக, விலை பேசுகிறவர்களுக்கு. என் அக்கா மகன், "மாமா, பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்சுக்கு இப்ப நல்ல கிராக்கி. பீரோவில் வைங்க, இல்லைன்னா வித்துடுங்க" என்றான். கிராக்கி உண்மைதான். லைக்கா நிறுவனம் 1955-இல் விட்ட சும்மரான் என்ற தட்டையான 28 மி.மீ. வைட் ஆங்கிள் லென்சை, 2016-இல் மறுபடியும் புதிதாகச் செய்து, நம் பணத்தில் லட்சத்தைத் தாண்டிய விலைக்கு விற்றது. அதன் துவாரம் எஃப்/5.6. பின்னணியை மங்கலாக்க ஏறக்குறைய முடியாத லென்சு. அறுபது வருஷம் கழித்தும் அப்படி ஒரு லென்சுக்கு ஆள் இருக்கிறார்கள் என்றால் அர்த்தம் என்ன? எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கேட்கிற கண் இன்னும் செத்துப்போகவில்லை. ஆனால் அதை வாங்கி, பட்டுத்துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, பெட்டியை மட்டும் படம் எடுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் இன்னொரு வகை அழிப்புத்தான். நம் கடலோர ஈரத்தில் பூட்டி வைத்த லென்சில் பூஞ்சைதான் பிடிக்கும். வெயில் பட்டுக்கொண்டிருக்கிற லென்சு நன்றாக இருக்கும். மனுஷனும் அப்படித்தான்.

என் ஜூபிடர் லைக்கா இல்லை. பெரிய விலை கிடையாது. விற்பனைக்கும் கிடையாது.

இப்போது வீட்டுப்பாடம். வாத்தியார் வீட்டுப்பாடம் கொடுக்காமல் வகுப்பை முடிக்க மாட்டார் என்று உங்களுக்குத் தெரியும்.

வருகிற விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஐந்து படம் எடுங்கள். போர்ட்ரெய்ட் வேண்டாம், அழகு கூட்டுகிற வேலை எதுவும் வேண்டாம். ஒன்று, அம்மா அவர் சமையல்கட்டில். இரண்டு, அப்பா அவர் வேலை செய்கிற இடத்தில்: நிலமோ, கடையோ, கொட்டகையோ. மூன்று, வீட்டு வாசல், தெரு தெரியும்படி. நான்கு, உங்கள் தெருவின் இரண்டு பக்கமும், அங்கே நிற்கிறவர்களோடு, அவர்களைக் கேட்டுவிட்டு. ஐந்து, உங்களுக்குப் பார்க்க வெட்கமாக இருக்கிற ஒரு இடம். அது எது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். எடுத்து வையுங்கள், போதும். இருபது வருஷம் கழித்து அந்த ஐந்தில் எதை முதலில் தேடுவீர்கள் என்று எனக்கு இப்போதே தெரியும்.

ஐந்தையும் கடையில் கொடுத்துப் பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் பென்சிலால் தேதி, ஊர், யார் யார் என்று எழுதுங்கள். நாலு எல்லையும் எழுதினாலும் தப்பில்லை.

ஃபிலிமில் எடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். ஸோர்க்கியும் ஜூபிடரும் மேசை மேலேயே இருக்கின்றன. பள்ளிக்கூட நூலகம் மாதிரி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, 15 நாளுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஷட்டரை ஏற்றின பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். முன்னால் மாற்றினால் கேமரா கெட்டுவிடும். அதற்கு மட்டும் இன்றைக்கும் பிரம்பு உண்டு.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். தமிழில், பிழை இல்லாமல்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்